இன்னொரு விண்டோ

‘சேமி’ என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், அவள் திரையில் இன்னொரு விண்டோவைத் திறந்து, அதிலும் அட்மினாக லாகின் செய்து ஓரமாக நிறுத்திவைக்கிறாள். பாதுகாப்பு அமைப்பில் ஒரு டிக் தவறினால் போதும், மாற்றியவரையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடும். இரண்டாவது விண்டோவோ, லாக்-அவுட் செய்யும்வரை பழைய உரிமைகளோடு அசையாமல் உட்கார்ந்திருக்கும். “உள்ள நம்ம ஆள் ஒருத்தர் இருக்கணும்ங்க. இல்லன்னா நம்ம வீட்டு வாசல்லயே நின்னு நாம கதவைத் தட்ட வேண்டியதுதான்” என்பாள்.

ரத்த வங்கியின் இணையச் செயலியைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஜாவாவில் யாரோ எழுதிவிட்டுப் போனது. ரத்தம் கொடுத்தவர்களின் பெயர், பிரிவு, பரிசோதனை முடிவு எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. முகத்துக்கு நேரே அவளை மேடம் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சாவிக்கொத்து. அது அவளுக்கும் தெரியும், பிடிக்கவும் செய்யும்.

பொது அமைப்புகளைக் கொட்டாவி விட்டுக்கொண்டே முடித்துவிடுவாள். மொழி, நேரம், முகப்புப் பெயர், அவ்வளவுதான். பாஸ்வேர்டு விதிகளுக்கு வந்தால் குரல் ஏறும். “போன மாசம் வச்சதே இன்னும் மனசுல நிக்கல மேடம்” என்று லேப் டெக்னீசியன் அழுதால், “மனசுல நிக்கலன்னா பரவால்ல, மானிட்டர்ல ஒட்டி வச்சிருக்கீங்களே, அதை முதல்ல கிழிங்க” என்பாள். யார் எதைப் பார்க்கலாம் என்ற பக்கம் வந்ததும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்காருவாள். மாற்றி முடித்ததும் தானே திருடியாகி உள்ளே நுழையப் பார்ப்பாள். சிவப்பு எழுத்தில் ‘அனுமதி இல்லை’ என்று வந்தால், “நல்ல பிள்ளை” என்று மானிட்டரின் தலையில் தட்டிக்கொடுப்பாள்.

இந்த வாரம் அக்கா போன் செய்தாள். மகளுக்குப் பார்த்திருக்கும் பையன் இதே ரத்த வங்கியில் ரத்தம் கொடுத்தவன். அவனுக்கு ஏதோ வியாதி என்று யாரோ அக்காவின் காதில் ஓதிவிட்டார்கள்.

“ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்துச் சொல்லுடி. யாருக்குத் தெரியப்போகுது?”

“பையன்கிட்டயே நேரா கேளுக்கா. ரெண்டு பேரும் சேர்ந்து போய் டெஸ்ட் எடுத்துக்கட்டும்.”

“கேட்டா சம்பந்தம் முறிஞ்சிடும். நீ தூக்கி வளர்த்த பொண்ணுடி அவ. நாளைக்கு ஒண்ணுன்னா உன் மனசு தாங்குமா?”

தாங்காது. அதுதான் வம்பு. ஊராருக்கு ஆயிரம் பூட்டு போட்டவளுக்கு அக்கா மகள் என்றதும் ஒரே ஒரு பூட்டைத் திறந்தால்தான் என்ன என்று தோன்றியது. அந்தப் பெண் முதன்முதலில் நடை பழகியபோது பிடித்துக்கொண்டது இவளுடைய விரலைத்தான்.

மறுநாள் தலைமை மருத்துவரிடம் போய், பரிசோதனை முடிவுகளைப் பார்க்கும் உரிமையைத் தன் பெயரிலிருந்து எடுத்துவிடப் போவதாகவும், இனி அவர் ஒப்புதல் இல்லாமல் அது திரும்பக் கிடைக்காதபடி செய்யப் போவதாகவும் சொன்னாள்.

அவர் சிரித்தார். “அட்மினுக்கே இல்லன்னா எப்படிம்மா?”

“தேன் எடுத்தவன் புறங்கையை நக்காம இருப்பானான்னு சொல்வாங்களே டாக்டர். எனக்குத் தேன் ரொம்பப் பிடிக்கும்.”

அவர் சரியென்று தலையாட்டினார்.

இடத்துக்கு வந்தாள். வழக்கம்போல இன்னொரு விண்டோவைத் திறந்து வைத்தாள். தன் பெயருக்கு எதிரே இருந்த டிக்கை எடுத்தாள், அதைத் திரும்பப் போட மருத்துவரின் ஒப்புதல் வேண்டும் என்று வைத்தாள், சேமித்தாள். முதல் விண்டோவில் வெளியே போய் மறுபடி உள்ளே வந்து, ஒரு பரிசோதனை முடிவைத் திறக்கப் பார்த்தாள். அனுமதி இல்லை. மானிட்டரைத் தட்டிக்கொடுக்க எழுந்த கை பாதியில் நின்றுவிட்டது.

ஓரத்தில் அந்த இரண்டாவது விண்டோ பழைய உரிமைகளோடு காத்திருந்தது. அதன் தேடும் கட்டத்தில் பையனின் பெயர். சற்று முன் அவளேதான் அடித்திருந்தாள். என்டரைத் தட்டுவதுதான் பாக்கி.

போன் அடித்தது. அக்கா.

அடிக்கட்டும் என்று விட்டாள். பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். அந்த விண்டோவிலும் லாக்-அவுட்டை அழுத்தினாள். பிறகுதான் போனை எடுத்துக் காதில் வைத்தாள்.