பின்சக்கரம் கழற்றிய வண்டி

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு வங்கிக்காரர் ஒரு நீளமான அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருடைய டூரிங் பைக்குக்கு இணையத்தில் வாங்கிய பின் மட்கார்டு. வண்டியோடு வந்தது சின்னதாக இருக்கிறதாம், மழையில் போனால் முதுகெல்லாம் சேறாம். "நீங்க ஒரு காலத்துல இந்த வேலதான பாத்தீங்க?" என்றார். நான் இப்போது ஒரு கல்லூரியின் பேருந்துகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஸ்பானர் பிடிப்பதெல்லாம் என் கீழே வேலை பார்ப்பவர்கள்தான். ஆனால் அப்படி ஒருவர் வாசலில் நின்று கேட்கும்போது, மறந்துபோயிற்று என்று சொல்ல எந்த மெக்கானிக்குக்கு மனசு வரும்? வாங்கி மாட்டிக் கொடுத்துவிட்டேன். வங்கிக்காரர் சந்தோஷமாகப் போய்விட்டார். எனக்குத்தான் அன்று முழுக்கக் கணுக்கால் வலித்தது. பெட்டியைக் கிழித்ததும் குப்பென்று ஏறிய புதுப் பிளாஸ்டிக் வாசனைதான் காரணம். மூக்கில் ஏறியது காலில் போய் ஏன் வலிக்கிறது என்று என் மனைவி கேட்டாள். அவளுக்குத் தெரியும், சும்மா கேட்டாள்.

வெளியூர்க்காரர்களுக்கு மட்கார்டு ஒரு அழகுச் சாமான். கரிசல் காட்டுக்காரனுக்கு அப்படி இல்லை. எங்கள் மண் மழையில் நனைந்தால் பசை மாதிரி ஆகிவிடும். செருப்போடு நாலு எட்டு வைத்தால் செருப்பு ஒரு சாண் உயர்ந்துவிடும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இடைவெளி குறைவாக இருந்தால் சேறு அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாது. மட்கார்டே இல்லாவிட்டாலோ பின்னால் வருகிறவன் கண்ணில் கரைத்த சேறு வாளியோடு ஊற்றினாற்போல விழும். இந்த மண்ணால் நான் சின்ன வயதில் வாங்கிய அடி கொஞ்சமல்ல. சாணி மெழுகிய தரையில் சேற்றுக் காலோடு ஓடியதற்கு என் அப்பா சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி வைத்து விளாசுவார். ரப்பர் தோலில் ஒட்டி உரியும் சத்தம் இருக்கிறதே, அதற்குப் பயந்துதான் ரப்பர் சாமான் விற்கிற கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தேனோ என்னவோ.

டயர் விற்பதோடு பைக் ரிப்பேரும் பார்க்கிற அந்தக் கடை கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டில் இருந்தது. முதலாளி சுடலைமுத்து அண்ணாச்சி. நல்ல மனுசர், ஆனால் கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். ஒரு தடவை பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர் என் காதை உரசிக்கொண்டு போய் ரோட்டில் நின்ற எருமை மேல் விழுந்தது. "ஏலே, குனிய வேண்டாமா நீ?" என்று என்னையே திட்டினார். எருமைக்காரன் வந்து அவர் சட்டையைப் பிடித்தான். அவர் அவன் மூக்கில் குத்தினார். பிறகு இரண்டு பேரும் எதிர்க்கடையில் டீ குடித்தார்கள். எனக்கு அப்போது கல்யாணமாகி முதல் வருஷம். வேலைக்குப் போகிறேனா சண்டைக்குப் போகிறேனா என்று என் மனைவிக்குச் சந்தேகம். சட்டையில் கிரீஸைவிட ரத்தக்கறைதான் அதிகம் என்பாள்.

அந்தக் கடைக்குத்தான் ஜெயசீலன் வந்தார். குளத்தூர்க்காரர், கப்பலில் வேலை. விடுமுறையில் வந்தவர் பெங்களூரில் பழைய டூரிங் பைக் ஒன்று வாங்கி ஓட்டிவந்திருந்தார். இரண்டு பக்கமும் வெள்ளி நிறத்தில் தகரப் பெட்டிகள். அந்த மாதிரி வண்டி அப்போது எங்கள் பக்கத்தில் வேறு கிடையாது. அதை முன்பு வைத்திருந்தவன் அழகுக்காகப் பின் மட்கார்டைக் கழற்றிவிட்டிருந்தான். முந்தின நாள் சாயங்காலம் நல்ல மழை. வண்டியும் அவர் மழைக்கோட்டின் முதுகும் சேறு காய்ந்து ஒரே கறுப்பு. வடக்கே இமயமலை வரை போகப் போகிறேன், நல்ல மட்கார்டாகப் போடுங்கள் என்றார். மெதுவாகப் பேசுகிற மனுசர். ஸ்பானர் எடுத்துக் கொடுப்பது, துணியை நீட்டுவது என்று கூடவே நின்றார். வாடிக்கையாளர் கூட நிற்பது எனக்குப் பிடிக்காது. அவர் நின்றது பிடித்தது.

பின்சக்கரத்தைக் கழற்றினால்தான் உள்பக்கத்து போல்ட்டுக்குக் கை போகும். எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து நிறுத்திவிட்டு, கழற்றிய அச்சைக் கல்லாப் பக்கம் வைத்தேன். வண்டி லேசாக ஆடியது. ஜெயசீலன் பின்பக்கக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நீங்க உள்ள போங்க, நான் பிடிச்சிக்கிடுதேன்" என்றார். நான் மல்லாந்து படுத்து, சக்கரம் இருந்த இடத்தில் தலையை விட்டு, புதுப் பிளாஸ்டிக் வாசனை அடித்த மட்கார்டை ஏந்திப் பிடித்து போல்ட்டைத் திருக ஆரம்பித்தேன்.

அப்போது ரோட்டில் ஒரு குட்டியானை கிறீச்சென்று நின்றது. யானை இல்லை, சரக்கு ஏற்றுகிற சின்ன வண்டியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். படுத்திருந்த எனக்கு இரண்டு கால்கள் மட்டும்தான் தெரிந்தன. ஓடிவந்த வெறுங்கால்கள். முழங்காலை ஒட்டித் தொங்கியது ஜாக்கி திருகுகிற இரும்புக் கம்பி.

"இந்த வண்டிதான்! இந்த வெள்ளிப் பொட்டிதான்!"

முதல் அடி ஹெட்லைட்டில் விழுந்தது. கண்ணாடி தரையில் சிதறி என் தோள் வரை வந்தது. இரண்டாவது பெட்ரோல் டேங்கில், கோயில் மணி மாதிரி சத்தம். வண்டி ஆடியது. "யாரு நீ? என்னன்னு சொல்லு!" என்று ஜெயசீலன் கத்தினார். ஆனால் கைப்பிடியை விடவில்லை.

"யாருன்னா கேக்குத? நேத்து மழைக்குள்ள எங்கள முந்திட்டுப் போனியே, திரும்பிப் பாத்தியால? ஒன் சேறு எங் கண்ணுல அடிச்சு, பைக்கோட ரோட்டோரக் கெடங்குல விழுந்தோம்லே! எங்கம்மா இடுப்பு ஒடிஞ்சு கெடக்கா!"

வண்டிக்கு அடியிலிருந்து பார்க்கும்போது ஜெயசீலனின் முகம் தலைகீழாகத் தெரிந்தது. அந்த முகம் வெளுத்ததைப் பார்த்தேன். அவருக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. "எனக்குத் தெரியாதுப்பா…" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கம்பி அவருடைய இடது முன்கையில் இறங்கியது.

காய்ந்த பருத்திமார்க் குச்சியை முறிக்கிற சத்தம். ஒரு கை தொங்கிவிட்டது. மற்றக் கையால் வண்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "வெளிய வாங்க, வெளிய வாங்க!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். அடுத்த அடி தோளில். நான் புழு மாதிரி நெளிந்து தலையை வெளியே எடுத்துவிட்டேன். காலை எடுப்பதற்குள் வண்டி சாய்ந்தது. கணுக்கால் மேல் அந்தத் தகரப்பெட்டியின் விளிம்பு இறங்கியது. நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடை டீ மாஸ்டர் பாலைக் கொட்டிவிட்டதாகப் பின்னால் சொன்னார்கள். வீரமாக எதுவும் செய்யவில்லை. "அம்மா" என்று மட்டும் கத்தினேன்.

அதற்குள் அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்துவிட்டார். கையில் கிடைத்தது நான் கழற்றி வைத்த பின்சக்கரத்து அச்சு. வீசினார். வாழ்நாளில் அவர் எறிந்து குறி தப்பாத எறி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். கம்பியை ஓங்கி நின்றவனின் நெற்றி பிளந்தது. ரத்தம் இரண்டு கண்ணையும் மூட, அவன் குருடன் போலக் காற்றில் கம்பியைச் சுழற்றினான். அண்ணாச்சி பாய்ந்து அவன் கழுத்தை நெரித்துச் சுவரோடு அழுத்தினார். குட்டியானையை ஓட்டிவந்தவன் அவனுடைய மச்சினன். அவன் அண்ணாச்சியின் முதுகில் மாறி மாறிக் குத்தினான். டயர் அடுக்கு சரிந்து நாலு பக்கமும் உருண்டது.

"ஏலே மாரிச்சாமி! விடுலே! நான் இங்கன சாகுதேன், நீ அங்கன கொல்லுதியோ?"

குட்டியானையின் பின்பக்கத்திலிருந்து வந்த குரல் அது. எல்லோரும் அப்படியே நின்றார்கள். அங்கே வைக்கோல் மேல் பாய் விரித்து, இடுப்பைச் சுற்றிச் சேலையால் கட்டுப் போட்டு அந்த அம்மாள் கிடந்தாள். ஆவுடையம்மாள். புதூர் பக்கம் ஒரு கிராமம். ராத்திரி முழுக்கக் கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொன்னதால் கிளம்பியிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் வேறு ஒரு விபத்துக்குப் போயிருந்தது. காத்திருக்கப் பொறுமையில்லாமல் மகன் மச்சினன் வண்டியில் ஏற்றிவிட்டான். வழியில் வெள்ளிப் பெட்டி கண்ணில் பட்டுவிட்டது.

அண்ணாச்சி கழுத்திலிருந்து கையை எடுத்தார். மூச்சு வாங்கியபடி, தொங்குகிற கையோடு நின்றவரையும், வண்டிக்கு அடியில் கிடந்த என்னையும், ரத்தம் ஒழுகிய மாரிச்சாமியையும் பார்த்தார். பிறகு சொன்னார்: "எல்லாத்தையும் அந்த வண்டியிலயே ஏத்துங்கலே. ஆஸ்பத்திரி ஒண்ணுதான்."

இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. அன்று யாரும் சிரிக்கவில்லை. முன்னால் மச்சினனும், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மாரிச்சாமியும். பின்னால் நடுவில் அந்த அம்மாள், ஒரு பக்கம் ஜெயசீலன், மறுபக்கம் நான். வண்டி நகர்ந்ததும் அந்த அம்மாள் தலையைத் திருப்பி, "நீதானா அது?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்றார் ஜெயசீலன். படுத்தபடியே கையை எட்டி அவர் கன்னத்தில் அறைந்தாள். வலு இல்லாத அறை. கொஞ்ச தூரம் போனதும் இன்னொன்று. வண்டி பள்ளத்தில் விழுந்து இடுப்பு வலிக்கிறபோதெல்லாம் ஒரு அறை. அவர் முகத்தை நகர்த்தவே இல்லை. எட்டாதபோது குனிந்துகூடக் கொடுத்தார். கயத்தாறு தாண்டியபின் அவளுக்குக் கை ஓய்ந்துவிட்டது. குலுக்கலில் பிடித்துக்கொள்ள வேறு ஒன்றும் இல்லாததால் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். திருநெல்வேலி வரும் வரை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு போலீஸ்காரர் வந்து விசாரித்தார். மாரிச்சாமி வாசலில் நெற்றித் தையலோடு நின்றான். ஜெயசீலன் அவனைப் பார்க்காமலே, "ரிப்பேர் பாக்கும்போது வண்டி சாஞ்சிட்டு, கை மாட்டிக்கிட்டு" என்றார். என் காலுக்கும் அதே கதை பொருந்தியது. பிறகு அம்மா எப்படி விழுந்தாள் என்று மாரிச்சாமியைக் கேட்டார். அவன் நெற்றித் தையலைத் தொட்டுப் பார்த்தான். "ஆடு குறுக்க வந்துட்டு, சார்" என்றான்.

அப்பாடா, முடிந்தது என்று நான் நினைத்தேன். போலீஸ்காரர் போனதும் அவன் ஜெயசீலனின் கட்டிலுக்கு வந்தான். "நீ சொல்லலைன்னதும் நான் விட்டுட்டேன்னு நெனைக்காத. எங்கம்மா எந்திரிச்சு நடக்கலைன்னா, குளத்தூருக்கே வந்து வெட்டுவேன்."

"வா" என்றார் அவர்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அவிய வண்டிய விட்டிருந்தா எந் தலை நசுங்கிருக்கும். அதுக்காகத்தான் அடி வாங்கிட்டு நின்னாவ" என்றேன். மாரிச்சாமி என்னை ஒரு பார்வை பார்த்தான். "அதுக்கு? எங்கம்மாவ யாரு பிடிச்சா?" என்றான். நான் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டேன்.

ஜெயசீலனின் கை கோணலாகத்தான் கூடியது. கப்பல் வேலைக்கு உடல் தகுதி பார்க்கிற இடத்தில் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஊரோடு உப்பளத்தில் மேற்பார்வைக்குப் போனார். நான் மட்கார்டை மாட்டி, நசுங்கியதை நிமிர்த்தி, வண்டியைத் தயார் செய்து வைத்திருந்தேன். வந்தவர் சாவியை வாங்காமல், யாருக்காவது தள்ளிவிடச் சொன்னார். இமயமலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அவ்வப்போது எனக்குப் போன் செய்வார். ஒரே கேள்விதான். "அந்தம்மா நடக்காவளா?" நான் புதூர் பக்கத்துக்காரர்களிடம் விசாரித்துச் சொல்வேன். கட்டிலில் உட்காருகிறாள். சுவரைப் பிடித்து நிற்கிறாள். நாலுகால் கம்பியை ஊன்றி வாசல் வரை வருகிறாள். அதைச் சொன்ன அன்று இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

சில வருஷம் அப்படி இருந்துவிட்டு ஆவுடையம்மாள் காய்ச்சலில் இறந்தாள். நானும் அண்ணாச்சியும் போயிருந்தோம். ஜெயசீலன் மாலையோடு தெருமுனையில் வருவதைப் பார்த்ததும் மாரிச்சாமி எழுந்து ஓடினான். நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். மாலை சகதியில் விழுந்தது. கோணல் கையைப் பிடித்து முறுக்கினான். அண்ணாச்சி இந்தத் தடவை எதையும் எறியவில்லை. வயசாகிவிட்டிருந்தது. இடையில் புகுந்து, "இன்னைக்கு வேண்டாம்யா, இன்னைக்கு வேண்டாம்" என்று கும்பிட்டார். ஜெயசீலன் போகவில்லை. தெருவிலேயே வெயிலில் நின்றார். பாடை கிளம்பியதும் தூரத்தில் கடைசி ஆளாக நடந்துவந்தார். சுடுகாட்டில் மாரிச்சாமி திரும்பி அவரைப் பார்த்தான். விரட்டவில்லை. கூப்பிடவும் இல்லை.

அண்ணாச்சி இப்போது இல்லை. ரோட்டை அகலப்படுத்தியபோது கடை வரிசை மொத்தமும் இடிபட்டது. கல்லா இருந்த இடத்தில் சாக்கடை மூடி இருக்கிறது. ஜெயசீலனும் மகள் வீட்டோடு சென்னைக்குப் போய்விட்டார். போன் நம்பரை மாற்றிவிட்டார்போல. அவர் கேட்பதற்கும் என்ன இருக்கிறது?

போன மாதம் கல்லூரிப் பேருந்துக்கு வழி பார்க்கப் புதூர் பக்கம் போனேன். அந்தக் கிராமத்தில் இறங்கினேன். பாதி வீடுகளில் பூட்டு. எல்லோரும் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். தெரு இருந்த இடத்தில் ஆளுயரத்துக்கு வேலிக்கருவை முள்காடு. ஆடு ஓட்டிவந்த ஒருவரிடம் மாரிச்சாமியைக் கேட்டேன்.

"எந்த மாரிச்சாமி?"

"நெத்தியில தழும்பு இருக்கும். ஆவுடையம்மா மகன்."

அவர் யோசித்தார். "நான் இந்த ஊருக்குப் பொண்ணெடுத்து வந்தவன், அண்ணாச்சி. எந்த வீடுன்னு காட்டுங்க, சொல்லுதேன்."

கையைத் தூக்கினேன். எந்தப் பக்கம் காட்டுவது என்று தெரியவில்லை.