வேலை இல்லாத விளக்கு

அந்த வருஷம் எங்கள் வீட்டில் எல்லோரும் அலுத்துப்போய் இருந்தோம். ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த அத்தான், கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று அக்காவையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் கூட்டிக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்திருந்தார். பத்து நாள் என்று சொல்லித்தான் வந்தார்கள். ஆறு மாசமாகியும் போகவில்லை. மாமனார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற கூச்சத்தில் அத்தான் இரண்டாம் முறை சோறு வாங்குவதை நிறுத்திவிட்டார். அம்மா கரண்டியோடு நிற்பாள், அவர் இலையில் கையைக் குறுக்கே வைப்பார். அதைப் பார்த்துவிட்டு அக்கா அடுப்படிக்குள் போய்விடுவாள். எனக்குப் பத்து வயது. எனக்கு அவர் கை வைத்ததில் மிஞ்சுகிற அப்பளம்தான் கணக்கு.

அப்பா பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வாடகைக்கு அம்பாசிடர் ஓட்டினார். மற்றவர்களெல்லாம் டீசலுக்கு மாறிவிட்டார்கள், எங்களுடையது பழைய பெட்ரோல் வண்டி. அதற்குள் பாயிண்ட் என்று ஒரு சாமான் உண்டு. மிளகு அளவில் இரண்டு உலோகப் புள்ளிகள், தொட்டும் விலகியும் என்ஜினுக்குப் பொறி கொடுக்கும். தொட்டுத் தொட்டே கருகியும் போகும். கருகினால் வண்டி இருமும், திணறும், நின்றுவிடும். அப்பா இறங்கிப் பானெட்டைத் திறப்பார். தீப்பெட்டியில் மருந்து தடவிய பக்கத்தைக் கிழித்து அந்த இரண்டுக்கும் நடுவில் விட்டு நாலு உரசு உரசுவார், வண்டி கிளம்பிவிடும். ஊரே தீப்பெட்டி செய்கிற ஊர், அதற்குப் பஞ்சமில்லை. பீடி சிகரெட் தொடாத அப்பாவின் வண்டியில் எப்போதும் ஒரு தீப்பெட்டி கிடந்தது இதற்காகத்தான்.

வாரத்துக்கு ஒருமுறையாவது அப்பா இந்த வேலையைச் செய்துவிட்டு, கறுத்த விரலோடு வீட்டுக்கு வருவார். ஒருநாள் அத்தான் அந்த விரலைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பாயிண்டே இல்லாமல் எலக்ட்ரானிக்கில் பொறி வர வைக்கலாம், அதற்குத் தேய்மானமே கிடையாது, நானே செய்து மாட்டுகிறேன் என்றார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நாங்கள் கேட்டு மாசக்கணக்கில் ஆகியிருந்தது. அப்பாவுக்கு அதில் நம்பிக்கை இருந்ததா என்று தெரியாது. சரி என்று உடனே சொல்லிவிட்டார்.

பிறகு மூன்று வாரம் வீட்டில் ஈயம் உருகுகிற வாடை. அத்தான் சவரம் செய்துகொண்டார், மதுரைக்குப் போய்ச் சாமான் வாங்கிவந்தார். கடைசியில் சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி உருவானது. அதன் தலையில் ஒரு குட்டிப் பச்சை விளக்கு, வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பாயிண்டைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார். முதல் சாவியிலேயே வண்டி கிளம்பியது. அத்தான் வண்டிக்குள் கிடந்த தீப்பெட்டியை எடுத்து வந்து, இனி இது அடுப்புக்குத்தான் என்று அம்மா கையில் கொடுத்தார். அன்று மத்தியானம் அவர் இரண்டாம் முறை சோறு வாங்கினார். மூன்றாம் முறை ரசத்துக்கும் வாங்கினார். அம்மா அதைப் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

முழுப்பரீட்சை லீவில் என்னைப் புதூரில் இருக்கும் பெரியம்மா வீட்டில் விடுவதாக ஏற்பாடு. அந்தப் பக்கம் ஒரு கல்யாணச் சவாரி வந்தது, என்னையும் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டார் அப்பா. பின்னால் ஒரு பலசரக்குக் கடைக்காரர், அவர் மனைவி, பட்டுச்சேலையில் இரண்டு மகள்கள். விளாத்திகுளம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், இருமலும் இல்லாமல் திணறலும் இல்லாமல், வண்டி அப்படியே நின்றது.

இரண்டு பக்கமும் பருத்தி எடுத்து முடிந்த கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நிழலுக்கு ஒரு வேலிக்கருவை. அப்பா பானெட்டைத் திறந்து பார்த்தார். பச்சை விளக்கு அணைந்திருந்தது. பெட்டியைத் தொட்டவர் கையை உதறினார், என்ஜின் சூட்டில் அது வெந்துபோயிருந்தது. உரசிப் பார்க்க அதில் எதுவும் இல்லை. அப்பா அதன் முன்னால் சும்மா நின்றார். அவர் வண்டிக்கு முன்னால் சும்மா நின்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தார். கடைசியில் ஆடு ஏற்றிக்கொண்டு ஒரு மினி லாரி வந்தது. கடாக்களுக்கு நடுவில் பட்டுச்சேலைகள் ஏறின. எனக்குச் சிரிப்பு வந்தது. கடைக்காரர் ஏறுவதற்கு முன்னால் திரும்பி, "ஒங்கள நம்பில்லா வந்தோம் அண்ணாச்சி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

லாரி மறைந்த பிறகுதான் நினைவு வந்தவர்போல அப்பா சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தார். உள்ளே பழைய பாயிண்ட் இருந்தது. எதையும் தூக்கிப் போட மனசு வராத மனுஷர். முக்கால் மணி நேரம் அந்த வெயிலில் குனிந்து நின்று, அத்தான் மாட்டியதைக் கழற்றிப் பழையதை மாட்டினார். வண்டி கிளம்பியது. ஆனால் பெட்டியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார். வயர்களையும் பார்வைக்கு அப்படியே செருகி வைத்தார். பிறகு ஏறி உட்கார்ந்து என் பக்கம் திரும்பினார்.

"வீட்ல சொல்லிராத, என்னா? மாப்பிள்ளைக்குத் தெரியாண்டாம். இப்பத்தான் நாலு வாய் நல்லாச் சாப்பிடுதாவ."

நான் சத்தியம் செய்தேன். என்னைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு ஊர் திரும்பியதும் அப்பா அந்தக் குட்டிப் பல்பை மாற்றி, பேட்டரியிலிருந்து தனியாக ஒரு வயர் இழுத்து, சாவி போட்டதும் எரிகிற மாதிரி செய்துவிட்டார். பெட்டிக்கு வேலை இல்லை, விளக்குக்கும் வேலை இல்லை, எரிவது மட்டும் எரிந்தது. சாயங்காலம் அத்தான் வந்து பானெட்டைத் தூக்கி அதைப் பார்த்துவிட்டுப் போவார். தொந்தரவு உண்டா என்று கேட்பார். ஒன்றும் இல்லை என்பார் அப்பா, கறுத்த விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டே.

ஒரு மாசம் போயிருக்கும், லீவு முடிந்து நானும் வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நான் வண்டிக்குள் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தேன். அத்தான் ஏதோ தேடி டேஷ்போர்டைத் திறந்தவர், ஒரு தீப்பெட்டியை வெளியே எடுத்தார். அதன் ஒரு பக்கம் கிழிந்திருந்தது.

"ஏட்டி, இது இங்கன எதுக்குக் கெடக்கு?"

கண் முன்னால் சாமி படம் இருந்தது. "சாமிக்குச் சூடம் பொருத்த, அத்தான்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், கிழிந்த பக்கத்தைப் பார்த்தார். பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்து மூடினார். நான் பொய் சொல்வதில் கெட்டிக்காரி என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த வாரமே ஸ்டாண்டிலிருந்து இன்னொரு பெட்ரோல் வண்டிக்காரர் வந்து, தனக்கும் ஒரு பெட்டி செய்து தரச் சொல்லிக் கேட்டார். அப்பாவின் முகம் வெளுத்துப்போனது. அத்தானோ, "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிப் பாக்கணும் அண்ணாச்சி" என்று சொல்லி அனுப்பிவிட்டார். தேடி வந்த தொழிலை விட்டுவிட்டாரே என்று அக்கா அழுதாள். எனக்கு அத்தான் மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. இவருக்காக நாங்கள் பொய்யும் சத்தியமுமாகச் சாகிறோம், இவர் சோம்பேறித்தனமாக உட்கார்ந்திருக்கிறாரே என்று நினைத்தேன்.

ஆனால் மறுமாசமே தூத்துக்குடியில், எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிற கடையில் வேலை தேடிக்கொண்டு, அக்காவையும் டிரங்குப் பெட்டியையும் கூட்டிப் போய்விட்டார். அதன் பிறகு பொங்கலுக்குத்தான் வந்தார்கள். வந்ததும் வழக்கம்போல வண்டியிடம் போனார், விளக்கைப் பார்த்தார், நன்றாகச் சாப்பிட்டார், மறுநாள் மத்தியானம் கிளம்பினார்கள். பஸ் ஏற்றிவிட அப்பா வண்டியை எடுத்தார். நான் முன்சீட்டில் ஏறி டேஷ்போர்டைத் திறந்தேன். தீப்பெட்டிக்குப் பக்கத்தில் பிரிக்காத ஒரு புது பாயிண்ட் செட். சுற்றியிருந்த தாளில் தூத்துக்குடிக் கடை முத்திரை. அப்பா அதைப் பார்த்தார். பின்சீட்டில் அத்தான் ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூடு" என்றார் அப்பா மெதுவாக. வழியெல்லாம் அடிக்கடி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அப்பா எப்போது தூத்துக்குடிக்குப் போய் இதை வாங்கினார், இப்படியா கண்ணில் படுகிற மாதிரி வைப்பது என்று எனக்குக் கோபம். நல்லவேளை, அத்தான் கவனிக்கவில்லை. இருந்தாலும் சந்தேகம் வந்திருந்தால் அதைத் தீர்த்துவிட வேண்டாமா? பஸ் கிளம்புகிற நேரத்தில் ஜன்னலுக்குக் கீழே ஓடிப்போய், "ஒங்க லைட்டு நல்லா எரியுது அத்தான், வண்டி ஒருநாளும் நிக்கல" என்றேன்.

அத்தான் என் தலைக்கு மேல் அப்பாவைப் பார்த்தார். "மாமா நல்லாப் பாத்துக்கிடுதாவ" என்றார்.

பஸ் போன பிறகும் அப்பா அங்கேயே நின்றிருந்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அத்தானை இன்னொரு தடவையும் ஏமாற்றிவிட்ட சந்தோஷம் எனக்கு.