மல்லாட்டை மூட்டை மேல் குழந்தை அறை

பி.ஏ. பாஸ் பண்ணிவிட்டுத் திண்டிவனத்தில் வெட்டியாக உட்கார்ந்திருந்த யுத்த காலத்தில், சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு ‘குழந்தைக்கு ஒரு தனி அறை’ என்று கட்டுரை எழுதிப் போட்டேன். நாகரிக உலகத்தில் குழந்தைகள் தங்கள் அறையில், தங்கள் கட்டிலில், தனியே தூங்குகின்றன. நாமும் மாற வேண்டாமா என்று மூன்று பக்கம் வெளுத்துக் கட்டியிருந்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எழுதுகிற வேகத்தில், எங்கள் வீட்டிலேயே என் அக்கா மகளுக்கு அப்படி ஓர் அறை இருப்பதாகவும் சேர்த்துவிட்டேன். வெள்ளைச் சுவர், தலைமாட்டில் கம்பி வைத்த சின்னக் கட்டில், ஜன்னலில் ஆடும் திரை, புஸ்தக அடுக்கு, மேஜைமேல் ஒரு பூகோள உருண்டை. உருண்டை எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. பேனா முன்னால் வந்து நின்றது, உள்ளே விட்டேன்.

பத்தாம் நாள் ஆசிரியரிடமிருந்து பதில். கட்டுரை பிரமாதமாம். விசேஷ மலரில் போடப்போகிறார்களாம். குழந்தை அந்த அறையில் தூங்குவதுபோல ஒரு படம் வேண்டும், பக்கத்து ஊரில் யாராவது போட்டோக்காரரை வைத்து எடுத்து அனுப்பு என்று எழுதியிருந்தார். கடைசி வரியைப் படித்ததும் கிணற்றடி வரைக்கும் ஓடிப்போய்த் திரும்பி வந்தேன். கட்டுரையும் படமும் நன்றாக அமைந்தால், குழந்தைகள் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள என்னையே வேலைக்கு எடுத்துக்கொள்வதாக உத்தேசம்!

அம்மா அந்தக் கடுதாசியை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

“படம் அச்சாயி புஸ்தகத்துல வரட்டும், நீ பட்டணத்துக்குப் போ. நான் தடுக்கல. வரலன்னா உன்னப் பொண்ணு கேட்டு வந்த செஞ்சி மாப்பிள்ளைக்கு மறுபேச்சு பேசாம தலைய ஆட்டணும். இன்னா?”

“வரும்மா.”

“வரும் வரும். அறை எங்கடி கீது?”

அதுதான் பேஜாரு. எங்கள் வீட்டில் கூடம், சமையல்கட்டு, உள்ளறை, அவ்வளவுதான். மனிதர்கள் அத்தனை பேரும் கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்போம். உள்ளறை மல்லாட்டை மூட்டைகளுக்கு. அப்பாவுக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வியாபாரம். வீட்டில் தனி அறை வைத்திருந்த ஒரே ஜீவன் மல்லாட்டைதான். ஜன்னல் கிடையாது. அப்பா மண்டிக்குக் கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: “மூட்டைய வெளிய எறக்கிடாதீங்க. மத்தபடி இன்னா கூத்து வேணா அடிச்சிக்குங்க.”

இறக்கக் கூடாதென்றால் என்ன? மூட்டையையே கட்டிலாக்கிவிட்டேன்.

விழுப்புரத்திலிருந்து அக்காவையும் பாப்பாவையும் வரவழைத்தேன். அக்கா வீட்டுக்காரர் அங்கே ரயில்வேயில் குமாஸ்தா. பாப்பாவுக்கு நாலரை வயசு, வாய்க்கு மட்டும் நாற்பது. அக்கா வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, உள்ளறை வாசலில் நின்று பார்த்தாள்.

“ஏண்டி, இதுக்குத்தான் உன்ன காலேஜுல படிக்க வெச்சாங்களா? மூட்டைக்கு மெத்த போடறதுக்கு?”

“ஜல்தி வாக்கா. அந்தப் பக்கம் புடி.”

ஆறு மூட்டைகளைப் படுக்க வைத்து, மேலே பழைய கதவு ஒன்றைப் போட்டு, அதன்மேல் மெத்தை, மெத்தைமேல் சலவை விரிப்பு. தலைமாட்டில் ஒரு பழைய ஜன்னல் கம்பிச் சட்டத்தைச் சாய்த்து வைத்ததும் சாட்சாத் சீமைக் கட்டில். மிச்ச மூட்டைகளை எதிர்ச் சுவரோரம் கூரை வரைக்கும் அடுக்கினோம். படத்தில் விழாத பக்கம். தெரிகிற சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். அம்மாவின் பழைய வெள்ளை மல் புடவையைக் கஞ்சி போட்டு மடிப்பு மடிப்பாகச் சுருக்கி, ஜன்னலே இல்லாத சுவரில் ஜன்னல் திரையாகத் தொங்கவிட்டேன். புஸ்தக அடுக்குக்கு என் காலேஜ் புஸ்தகங்கள். நாலரை வயசுப் பெண் தூங்குவதற்கு முன் தர்க்க சாஸ்திரம் படிப்பாள் போலிருக்கிறது.

உருண்டைக்குத்தான் எங்கே போவது? ஒரு சின்ன மண்பானையைக் கவிழ்த்து, துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துப் பூசினேன். அக்கா சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துத் தேசங்கள் வரைந்தாள். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஆசியாக் கண்டம் மஞ்சள்தூளாக இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

“இதுல நம்ம ஊரு எங்கடி வரும்?”

“இங்க வரும்க்கா. புள்ளி வெச்சா போதும்.”

அக்கா திண்டிவனத்துக்கு ஒரு புள்ளி வைத்தாள். பக்கத்திலேயே புளியங்கொட்டை அளவுக்கு இன்னொன்று வைத்தாள்.

“அது இன்னாது?”

“விழுப்புரம். எங்க ஊரு ஜங்சன்டி. பெருசாத்தான் இருக்கும்.”

அன்றைக்கு அக்கா சிரித்த சிரிப்பில் பாதி சமுத்திரம் அழிந்து மறுபடியும் பூச வேண்டியதாயிற்று. பாப்பா அதற்குள் கட்டிலில் ஏறிக் குப்புறப் படுத்து, மூட்டையில் எலி போட்டிருந்த ஓட்டைக்குள் விரலை விட்டிருந்தாள்.

“யம்மா! இந்தக் கட்டிலுக்குள்ள மல்லாட்டை கீது!”

அவளைப் பொறுத்தமட்டில் உலகத்தில் அதைவிட நாகரிகமான கட்டில் கிடையாது.

மறுநாள் காலை பாசஞ்சரில் விழுப்புரத்திலிருந்து போட்டோக்காரர் வந்தார். கறுப்புக் கோட்டு, மூன்று கால் ஸ்டாண்டு, பெட்டி, தலைக்குப் போர்த்திக்கொள்ளும் துணி. வயசானவர். சுற்று வட்டாரத்தில் போட்டோ என்றால் அவர்தான். அக்கா அவரைப் பார்த்ததும் சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

“கல்யாணம், சாவு, இந்த ரெண்டுதாம்மா நம்ம லைனு. அறைய எடுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கூப்ட்டதில்ல. ஆனா பயப்படாத. நான் எடுத்த சின்னப் பசங்க படம் ஒண்ணுகூட அசைஞ்சதில்ல,” என்றார் பெருமையாக. ஏன் அசையவில்லை என்று யோசிக்கிற புத்தி எனக்கு அப்போது இல்லை.

உள்ளறைக்குள் எட்டிப் பார்த்தவர் உடனே வெளியே வந்தார். “இருட்டுல நான் இன்னாத்த எடுக்கிறது? யுத்தத்துல படம் புடிக்கிற கண்ணாடிப் பிளேட்டு கெடைக்கல. மூணே மூணு எடுத்துக்கினு வந்தேன். வெளிச்சம் குடு.”

“வெளிச்சத்துக்கு எங்கங்க போறது?”

அவர் அண்ணாந்து பார்த்தார். நானும் அண்ணாந்து பார்த்தேன். அரை மணி நேரத்தில் மண்டி ஆள் ஒருவர் கூரைமேல் ஏறி ஓடுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். நாற்பது ஓடு எடுத்ததும் வெயில் தடாலென்று உள்ளே விழுந்தது. மல்லாட்டைத் தூசி பொன் மாதிரி பறந்தது. வெயில் கடுமையாக அடிக்காமல் இருக்க, ஓட்டைக்குக் கீழே அப்பாவின் வேட்டியைப் பந்தல்போலக் கட்டினோம். மூட்டை அறை பிரகாசித்துவிட்டது. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது, தட்டினேன்.

பாப்பாவை விரிப்பின்மேல் மல்லாக்கப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னோம். போட்டோக்காரர் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

“நான் மூணு எண்ணுற வரைக்கும் ஆடக்கூடாது கண்ணு. ஒண்ணு… ரெண்டு…”

“அடியே எஞ் சாமி! போய்ட்டியாடி!”

வாசலிலிருந்து மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தது எதிர்வீட்டு அத்தை. அவள்மேல் குற்றமில்லை. எங்கள் பக்கத்தில் ஆகாத நட்சத்திரத்தில் யாராவது செத்துப்போனால், அடைப்பு என்று சொல்லி, உடலை வாசல் வழியாக எடுக்கமாட்டார்கள். கூரையையோ சுவரையோ பிரித்து அந்த வழியாக எடுப்பார்கள். தெருவிலிருந்து அத்தை பார்த்தது இதுதான்: கல்யாணம் இல்லாத வீட்டுக்குப் போட்டோக்காரர் வந்திறங்குகிறார், கூரை பிரிகிறது. உள்ளே வந்தால் வெள்ளை விரிப்பு, கண்மூடிய குழந்தை, தலைமாட்டில் ஒரு பானை.

“நேத்திகூட எங்க வூட்டுக்கு வந்து முறுக்கு துன்னியேடி, ராசாத்தி!”

பாப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். “இன்னிக்கும் சுட்டியா அத்தே?”

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்துச் சிரித்து விலா பிடித்துக்கொண்டது. அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “எடுபட்டவளுங்களா! கூரையப் பிரிக்கிறவங்க எதிர்வூட்டுல ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?” என்று அத்தை என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். “பிளேட்டு ஒண்ணு போச்சு,” என்று துணிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சமையல்கட்டிலிருந்து வந்து பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“போதும். ரெண்டு மணி வண்டிக்கு நான் ஊருக்குப் போறேன்.”

“அக்கா! இன்னும் ரெண்டு பிளேட்டு கீதுக்கா. தூங்கற மாதிரி ஒண்ணே ஒண்ணு. என் வேலையே இதுலதான்…”

“கண்ண மூடிக்கினு என் பொண்ணுக்குப் படம் வேணாம்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஏற்கெனவே ஒண்ணு வூட்டுல மாட்டிக் கெடக்குது. எடுத்தது இவருதான். அவருக்கு மறந்துபோச்சு. எனக்கு மறக்கல.”

பாப்பாவுக்கு முன்னால் அக்காவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து ஏழு மாசத்தில் போய்விட்டது. அந்தப் படத்தை நூறு தரம் பார்த்திருக்கிறேன். பொட்டு வைத்து, மாலை போட்டு, கண்ணை மூடி. மூன்று பக்கம் கட்டுரை எழுதத் தெரிந்தவளுக்கு அது ஞாபகம் வரவில்லை.

போட்டோக்காரர் துணியை எடுத்துவிட்டு அக்காவை உற்றுப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

“கண்ணத் தெறந்துக்கினே எடுக்கலாம்மா,” என்றார். “கொழந்த ஆடும். ஆடட்டும், போனா பிளேட்டுதான போவுது.”

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பாப்பாவைக் கட்டிலில் உட்காரவைத்தாள்.

இரண்டாவது பிளேட்டில் பாப்பா கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு, அவரோடு சேர்ந்து தானும் “ஒண்ணு, ரெண்டு” என்று எண்ணி, “மூணு” வருவதற்குள் ஒரு மல்லாட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அதுவும் போயிற்று. வெயில் கட்டிலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கோ செஞ்சி மாப்பிள்ளையின் மீசை கண்முன்னால் வந்து நின்றது.

“கடைசிம்மா. இது போச்சுன்னா யுத்தம் முடிஞ்சப்புறம்தான்,” என்றார் அவர்.

அக்கா கட்டில் ஓரமாகத் தரையில் குந்தினாள். கையை நீட்டிப் பாப்பாவின் கணுக்காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். “தா பாரு. ஆடினன்னு வையி, கிச்சு கிச்சு மூட்டிடுவேன்.”

பாப்பாவுக்கு உலகத்தில் பயம் அது ஒன்றுக்குத்தான். கல்லாகிவிட்டாள். கண் இரண்டும் சோழியாக விழித்தன. “ஒண்ணு… ரெண்டு… மூணு.” யாரும் மூச்சு விடவில்லை. எதிர்வீட்டு அத்தைகூட.

வாரக் கடைசியில் படம் வந்தது. கட்டில், திரை, புஸ்தகம், உருண்டை, பளபளவென்று விழித்திருக்கும் பாப்பா, அவள் காலைப் பிடித்திருக்கும் ஒரு வளையல் போட்ட கை. இதில் எங்கே தூக்கம்? எங்கே தனிமை? ‘குழந்தை தூங்கி எழுந்த கணம்’ என்று துணிச்சலாக எழுதி அனுப்பிவிட்டேன். அப்புறம் ஒன்றரை மாசம் தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே ஓடிப்போய் எதிரில் நின்றேன்.

மலர் வந்தது. வந்தேவிட்டது! முழுப் பக்கம். கூடவே, ஒன்றாம் தேதி வந்து வேலையில் சேரவும் என்று கடிதம். படத்தில் அக்காவின் கையை ஓரமாக வெட்டியிருந்தார்கள். ஆனால் கணுக்காலைச் சுற்றியிருந்த நான்கு விரல்களை மட்டும் வெட்ட முடியவில்லை. நாகரிகக் குழந்தையின் காலை ஏதோ பிசாசு பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது.

அம்மா புஸ்தகத்தை வாங்கிப் பார்த்தாள். சாமி மாடத்தில் வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. போகட்டுமா என்று கேட்க எனக்குப் பயம். இல்லை என்று சொல்லிவிட்டால்? செஞ்சிக்காரர்களுக்கு ஆள் அனுப்பிவிட்டாளோ என்றுகூட நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை வண்டியில், பாப்பாவை ஒரு கையிலும் மலரை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு அக்கா வந்து இறங்கினாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“எவன்டி என் கைய வெட்டினது?”

“அக்கா, அது வந்து, பக்கத்துல எடம் பத்தலன்னு…”

“எடம் பத்தலயா? பானைக்கு எடம் இருக்குது, திரைக்கு எடம் இருக்குது, பெத்தவ கைக்கு எடம் இல்லியா? ஜங்சன்ல கொடி காட்டறவர் சம்சாரத்துல இருந்து அத்தன பேருகிட்டயும் இது என் கைதான், என் கைதான்னு காட்டிக்கினு வரேன். ஒருத்தியும் நம்பமாட்டன்றா. வளையல் தெரிஞ்சிருந்தா நம்பியிருப்பாளுங்க. இப்பவே அந்தாளுக்கு ஒரு கடுதாசி எழுது.”

“ஆசிரியருக்கா?”

“ஆமா. எழுதுடி!”

நான் பேனாவைத் தேடினேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தைத் தட்டி நிறுத்தினாள்.

“கடுதாசி எதுக்குடி? ஒண்ணாந் தேதி போறா இல்ல, அந்தாள நேர்லயே கேக்கட்டும்.”

சொல்லிவிட்டு மறுபடியும் புடைக்க ஆரம்பித்தாள். சத்தம் போட்டுக் குதிக்க வேண்டும் போலிருந்தது, ஆனால் அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

“அப்போ மறக்காம கேளு. இன்னான்னு கேப்ப? எங்க, சொல்லிக் காட்டு.”