மெஷினுக்கு லீவு விட்ட நாள்

செக்ரட்டரி சார், நீங்கள் பொய் சொன்னீர்கள். எங்கள் வீட்டுப் பாத்திரம் கழுவும் மெஷின் விஷயத்தில், எங்களிடம் வேலை செய்த அந்தப் பெண் மேல் புகார் இருக்கிறது என்று ஓட்டல்காரர்களிடம் போனில் சொன்னீர்கள். அவள் எதையும் கெடுக்கவில்லை என்பது அப்போதே உங்களுக்குத் தெரியும். உங்களிடம் சொன்னவனே நான்தான்.

அந்தப் பொய்யை முதலில் ஊருக்குச் சொன்னவனும் நான்தான். அதனால் என்னிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

படூரில் எங்கள் அடுக்குமாடிக்குக் குடிவந்ததிலிருந்து ஆறு வருஷம் அவள்தான் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். நான் கல்பாக்கத்தில் கருவிகளைப் பழுது பார்க்கிற வேலையில் இருக்கிறேன். என் மனைவி சிறுசேரியில் ஐ.டி. ஆபீசுக்குப் போகிறாள். காலை ஏழு மணிக்கு இரண்டு பேரும் ஓடுவோம். பாத்திரம் தேய்ப்பவள் வராத நாளில் எல்லாம் மலைபோல் கிடக்கும், வீட்டில் சண்டை வரும். அதற்காகத்தான் மெஷின் வாங்கினோம். மெஷின் வந்த வாரமே அவளிடம் சொன்னேன், "அடுத்த மாசத்துலேர்ந்து பாத்திரத்துக்கு வர வேணாம்மா."

அவள் மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இது அடிபுடிச்ச பால் குண்டானையும் தேய்க்குமா சார்?"

"தேய்க்கும்."

"வூடு பெருக்குமா?"

"அதெல்லாம் பண்ணாது."

"பரவால்ல, எனக்கும் கொஞ்சம் வெச்சிகீது" என்று சிரித்தாள். பிறகு மெஷின் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "ஒன்னாலதான்டி என் வேலை போச்சு" என்றாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நான் அந்த வார்த்தையை என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து ஆயுத பூஜை வந்தது. எங்கள் வேலையில் அது பெரிய நாள். முந்தின நாளே பணிமனையில் எல்லா இயந்திரத்தையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூ வைத்து, பொரி கொடுத்துவிடுவோம். பூஜை போட்ட கருவியை அன்றைக்குத் தொடக்கூடாது. அடுத்த நாள்தான் எடுக்க வேண்டும். வீட்டிலும் அப்படியே செய்தேன். பைக், மிக்சி, கிரைண்டர், மனைவியின் லேப்டாப், எல்லாவற்றுக்கும் பொட்டு. மெஷினுக்கு முதல் பூஜை என்பதால் விசேஷமாகச் செய்தேன். கதவின் முன்னால் மூன்று சந்தனப் பொட்டு. கதவைத் திறந்தால் மேல் விளிம்பில் நடுவில் ஒரு சின்ன ஓட்டை. ஒரு சாமந்திப் பூ நிற்கிற அளவுக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. கெட்டியாகக் குழைத்த சந்தனத்தை அதில் வைத்து, பூவின் காம்பைச் சொருகினேன். கதவைப் பாதி திறந்தபடியே விட்டேன், பூ நன்றாக நின்றது. போட்டோ கூட எடுத்தேன்.

அன்றைக்குச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். வடை, பாயசம், சுண்டல், பத்துப் பேர் சாப்பிட்ட பாத்திரம். மெஷினுக்கு லீவு. அவளுக்குப் போன் போட்டேன். "இன்னிக்கு ஒரு நாள் வந்துட்டுப் போம்மா" என்றேன். அவளுக்கும் வீட்டில் பூஜை இருந்திருக்கும். நான் கேட்கவில்லை. வந்தாள். நின்று எல்லாவற்றையும் தேய்த்தாள். மேடையைத் துடைத்தாள். மெஷின் பக்கத்தையும் துடைத்தாள். பொரியும் வடையும் வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை குளித்துவிட்டு, பூவை எடுத்துப் போட்டு, பாத்திரங்களை அடுக்கி, கதவைச் சாத்தி பட்டனை அமுக்கினேன். லைட் எரியவில்லை. மறுபடி அமுக்கினேன். செத்த பிணம் மாதிரி நின்றது. விஜயதசமி அன்றைக்கு! மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

பழுது பார்ப்பது என் தொழில். வரிசையாகப் பார்த்தேன். பிளக்கில் டெஸ்டர் வைத்தேன், எரிந்தது. அதே பிளக்கில் மிக்சியைச் சொருகினேன், ஓடியது. மீட்டர் பெட்டியில் சுவிட்ச் எதுவும் விழவில்லை. ஒயரை முழுக்கத் தடவிப் பார்த்தேன், எலி கடிக்கவில்லை. தண்ணீர்க் குழாய் திறந்திருந்தது. கதவு சாத்தியிருந்தது. சாத்தியிருக்கிறது என்று கண்ணால் பார்த்தேன். சாத்தும்போது வழக்கமாக வருகிற 'டக்' சத்தம் வந்ததா என்று காதால் கேட்கவில்லை. பதினெட்டு வருஷ அனுபவம் எனக்கு. வெட்கமாக இருக்கிறது.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கருவி நின்றால், ஒயரையெல்லாம் பார்த்த பிறகு கேட்கிற கேள்வி, "கடைசியா யார் கை வெச்சது?" அங்கே அதைக் கேட்பது குற்றம் சாட்ட இல்லை. என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளத்தான். கை வைத்தவனும் பயப்படாமல் சொல்வான். அதே கேள்வியை வீட்டுக்குள் கொண்டு வந்தேன். கடைசியாகக் கை வைத்தது அவள். உடனே அந்த வார்த்தை ஞாபகம் வந்தது. ஒன்னாலதான்டி என் வேலை போச்சு.

பூவைச் சொருகியது என் கை. அது எனக்குத் தோன்றவே இல்லை. பூஜையை யாராவது கை வைத்தது என்று கணக்கில் எடுப்பார்களா?

அவளைக் கூப்பிட்டேன். வந்து வாசலிலேயே நின்றாள்.

"மெஷினை இன்னாம்மா பண்ண?"

"நான் இன்னா சார் பண்ணேன்?"

"ஈரத் துணியால தொடச்சியே, உள்ள தண்ணி ஊத்தினியா?"

"தண்ணியிலயே வேலை செய்யிற மெஷின் சார் அது. தண்ணி பட்டா கெட்டுப்பூடுமா?"

பதில் சரியாக இருந்தது. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. "வாய் பேசாத. வேலை போன ஆத்திரத்துல எதையோ பண்ணிட்டு நின்னுகினு கீற" என்றேன்.  அவள் என் மனைவியைப் பார்த்தாள். மனைவி உள்ளே போய்விட்டாள். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். லிப்டில் போகவில்லை.

அன்று மத்தியானம் குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன். "வேலைக்கு வருபவர்களை விலை உயர்ந்த பொருட்கள் அருகே தனியாக விடாதீர்கள். எங்கள் வீட்டில் வேண்டுமென்றே டிஷ்வாஷரைக் கெடுத்திருக்கிறார்கள்." பெயர் போடவில்லை. போடவே தேவையில்லை. எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்தவள் யார் என்று மூன்று பிளாக்குக்கும் தெரியும். கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன. சாயங்காலத்துக்குள், அவள் வேலை செய்த இன்னும் மூன்று வீடுகளில் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். செக்ரட்டரி சார், நீங்கள் கேட் பதிவேட்டிலிருந்து அவள் பெயரை எடுக்கச் சொன்னீர்கள். மறுநாள் காலை செக்யூரிட்டி அவளை வெளியிலேயே நிற்க வைத்ததை பஸ்ஸுக்குப் போகும்போது பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

நான் யார் என்று இங்கே சொல்ல வேண்டும். செங்கல்பட்டைத் தாண்டி ஒரு காலனியில் பிறந்தவன். எங்களுக்கு நிலம் கிடையாது. அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி. ஆண்டை வீட்டு பம்ப்செட் மோட்டார் நின்றால் முதலில் எங்கள் தெருவுக்குத்தான் வருவார்கள். ஒருமுறை அப்பாவை வயலில் நிற்க வைத்து, மோட்டாரில் மண்ணைப் போட்டது நீதானே என்று கேட்டார்கள். மோட்டாருக்குள் ஓணான் செத்துக் கிடந்தது என்று இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. ஒருவரும் வந்து அப்பாவிடம் சொல்லவில்லை. அந்தக் கோபத்தில்தான் மோட்டார் பிரித்துப் படித்தேன், பாலிடெக்னிக் போனேன், வேலை வாங்கினேன். படூரில் மூன்றாவது மாடிக்கு வந்து அதே கேள்வியை வேறொருத்தியிடம் கேட்டேன்.

நாலாம் நாள் மெக்கானிக் வந்தான். கதவைத் திறந்தான், சாத்தினான், திறந்தான். செல்போன் லைட்டை அடித்துப் பார்த்தான். சிரிக்க ஆரம்பித்தான்.

"அண்ணாத்த, பூஜை யாரு போட்டது?"

"நான்தான்."

"சாமிக்குப் பூ வெச்சா தலையில வெய்யி. வாயில இன்னாத்துக்கு வெச்ச?"

சின்ன ஸ்குருடிரைவரால் அந்த ஓட்டைக்குள் இருந்து காய்ந்த சந்தனத்தைப் பெயர்த்தான். அதனோடு சாமந்திக் காம்பும் வந்தது. கதவின் கொக்கி முழுசாக உள்ளே போய் அமுக்கினால்தான் கரண்ட் ஏறுமாம். கல்லாகிப் போன சந்தனம் கொக்கியைப் பாதியில் நிறுத்தியிருக்கிறது. துடைத்துவிட்டுச் சாத்தினான். டக். லைட் எரிந்தது.

"இந்த வாரம் நீ மூணாவது ஆளு அண்ணாத்த. ஒருத்தரு உள்ளயே எலுமிச்சம்பழம் வெச்சி ஓட்டிட்டாரு."

மனைவி அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவன் போனதும் சொன்னாள், "குரூப்ல போடுங்க."

"போடறேன்."

போடவில்லை. இரண்டு முறை எழுதி அழித்தேன். பழுது பார்க்கிறவன் வீட்டில் சாமந்திக் காம்பு சிக்கி மெஷின் நின்றது என்று தெரிந்தால் சிரிப்பார்கள். அவ்வளவுதான் காரணம். நாலு பேர் சிரிப்பார்களே என்று ஒருத்தியின் பிழைப்பை அப்படியே விட்டேன். ஒரு வாரம் கழித்து வாக்கிங் போகும்போது உங்களிடம் மட்டும் காதோடு சொன்னேன். ஞாபகம் இருக்கிறதா சார்? "அட விடுங்க சார், முடிஞ்சு போச்சு. இப்ப திரும்ப எழுதினா அசோசியேஷனுக்குத்தான் அசிங்கம். வேலைக்கு வேற ஆள் வந்தாச்சு" என்றீர்கள். எனக்கு அது வசதியாக இருந்தது. சரி என்று தலையாட்டினேன். தினமும் மெஷின் 'டக்' என்று மூடும்போது மனைவி என்னைப் பார்ப்பாள். 

கார்த்திகை முடிகிற சமயம். வேலை முடிந்து வரும்போது ஒரு வேலையாக மாமல்லபுரத்தில் இறங்கினேன். பஸ் ஸ்டாப்பில் அவள் நின்றிருந்தாள். கடற்கரை ஓட்டல் ஒன்றின் சீருடை, தோளில் பை. விரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. ஓடிப் போய்விடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. அவளே பார்த்துவிட்டாள்.

"இன்னா சார், மெஷின் ஓடுதா?"

சொன்னேன். பூ, சந்தனம், காம்பு, எல்லாம். அவள் ஆச்சரியப்படவில்லை.

"அன்னிக்கே பாத்தேன் சார். கொக்கி பூர்ற எடத்துல பூவ சொருவி வெச்சிகீறீங்களேன்னு நெனச்சேன்."

"ஏம்மா சொல்லல?"

"மெஷினப் பத்தி நான் வாயத் தொறந்தா வயித்தெரிச்சல்ல பேசுறான்னு சொல்ல மாட்டீங்களா? மறுநாளாச்சும் நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ எங்க கேட்ட? இன்னா பண்ணன்னுதான் கேட்ட."

ஓட்டலில் அவளுக்குப் பாத்திரம் கழுவுகிற இடத்தில்தான் வேலை. "உன் வூட்டு மெஷினுக்கு அப்பன் கீது அங்க. கதவு டக்குன்னு வுழலன்னா மொதல்ல ஓட்டையத்தான் தொடப்போம்" என்றாள். இப்போது கான்ட்ராக்டில் இருக்கிறாள். நிரந்தரம் ஆக்குவதற்காக, முன்பு வேலை செய்த இடத்துக்கு ஓட்டலில் இருந்து போன் செய்து விசாரித்திருக்கிறார்கள். பதில் சொன்னது நீங்கள், சார். சூப்பர்வைசர் அவளை இந்த மாசத்தோடு நிறுத்துவதாகச் சொல்லிவிட்டார்.

"மன்னிச்சிடும்மா" என்றேன்.

"எங்கிட்ட இன்னாத்துக்கு சார் சொல்ற? எங்கிட்டயா எழுதுன? எங்க எழுதுனியோ அங்க போய்ச் சொல்லு."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

அன்றைக்கே குரூப்பில் எழுதினேன். மெஷினை நிறுத்தியது நான் வைத்த பூ, அவள் மேல் பழி போட்டது என் தப்பு என்று எழுதி, பூஜை அன்று எடுத்த போட்டோவையும் போட்டேன். ஓட்டையில் சாமந்தி அழகாக நிற்கிறது. பத்து நிமிஷத்தில் அதை நீங்கள் அழித்தீர்கள். அட்மின் மட்டும்தான் எழுத முடியும் என்று குரூப்பையும் மாற்றினீர்கள். போன் செய்தால் எடுப்பதில்லை. மறுநாள் நான் அந்த ஓட்டலுக்கே போய்ச் சொன்னேன். "அசோசியேஷன்லேர்ந்து சொன்னா பார்க்கலாம்" என்றார் சூப்பர்வைசர்.

அதனால் இதை எழுதி, தாளில் அச்செடுத்து, மூன்று பிளாக் லிப்ட் வாசலிலும் ஒட்டியிருக்கிறேன். என்னைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். திட்டுபவர்கள் வீட்டுக்கு வந்து திட்டலாம். நான் பொய் எழுதினேன், நாற்பது நாளுக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதை மறுக்க மாட்டேன்.

மாசம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. செக்ரட்டரி சார், நான் எந்தக் குரூப்பில் அவள் பெயரைக் கெடுத்தேனோ அதே குரூப்பில், எல்லோரும் படிக்கிற மாதிரி பதில் எழுதுங்கள். ஓட்டலில் இருந்து போன் வந்தபோது உண்மை தெரிந்திருந்தும் ஏன் புகார் இருக்கிறது என்று சொன்னீர்கள்? அதைத் திருத்தி ஓட்டலுக்கு எழுதிக் கொடுப்பீர்களா, மாட்டீர்களா?