பேசின் பிரிட்ஜ் வந்தால் எழுப்பு

டெல்லியில் இருக்கும் மகள் போனில் சொன்னாள்: "தூரத்தப் பாக்காதப்பா. ஃப்ளைட்ல ஏறுனா ரெண்டே முக்கால் மணி நேரம்தான்." அவள் அம்மா போன பிறகு நான் தனியாக இருந்தது போதுமாம். திருவள்ளூர் மணவாள நகர் வீட்டைப் பூட்டிவிட்டு அவளோடு வந்துவிட வேண்டுமாம். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டாள். சரி என்றேன். மறுத்துப் பேசவும் தெம்பு வேண்டுமே.

ரெண்டே முக்கால் என்றதும் எனக்கு ஏழுமலையின் ஞாபகம்தான் வந்தது. கும்மிடிப்பூண்டியில் ஒரே கம்பெனியில் இருவரும் வேலை பார்த்தோம். மேப்பில் பார்த்தால் திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் பக்கத்துப் பக்கத்து ஊர் மாதிரி இருக்கும். ரயிலுக்கு அது தெரியாது. சென்னை வரை போய், பேசின் பிரிட்ஜில் இறங்கி, வேறு வண்டி பிடித்து மறுபடி வடக்கே போக வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதை நாங்கள் சம்பளத்துக்குச் செய்தோம். வீட்டிலிருந்து கம்பெனி கேட் வரை அதே ரெண்டே முக்கால். மேனேஜர் டெல்லிக்குப் பறந்துவிட்டு வந்த அன்று ஏழுமலை கணக்குப் போட்டுச் சொன்னான்: "நாமளும் டெய்லி டெல்லி போய்க்கினுதான்பா வரோம். ஒரு நாளாச்சும் குதுப்மினார் பாத்தமா?"

அவன் வேப்பம்பட்டில் ஏறுவான். நான் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைத்திருப்பேன். உட்கார்ந்ததும் டப்பாவைத் திறப்பான், பெட்டி முழுக்க எலுமிச்சைச் சாதம் மணக்கும். "நாஷ்டா துன்னுட்டு நீ தூங்கு. நான் எழுப்பறேன்" என்பான். காலையில் நான் தூங்கினால் சாயங்காலம் அவன் தூங்குவான், எங்கள் சட்டம் அது. வண்டி தவறினால் அரை நாள் சம்பளம் போகும் என்பதால் சட்டத்தை யாரும் மீறவில்லை. முழங்காலில் ஒரு தட்டு. "யோவ், எந்திரி. பிரிட்ஜி வந்துட்ச்சி." அந்த நாட்களில் நான் நிம்மதியாகத் தூங்கியது அந்த சீட்டில்தான். வீட்டில் என் தூக்கம் கோழித் தூக்கம், மனைவி அதைச் சொல்லியே கிண்டல் செய்வாள்.

கம்பெனியை மூடிய பிறகு அவன் மகனோடு மீஞ்சூருக்குப் போய்விட்டான். அதற்கும் பேசின் பிரிட்ஜைச் சுற்றித்தான் போக வேண்டும். பொங்கல் கழியட்டும், வெயில் குறையட்டும் என்று தள்ளித் தள்ளி ஒருமுறைகூடப் போகவில்லை. டெல்லிக்குப் போய்விட்டால் இனி எப்போது என்று நேற்றுக் கிளம்பினேன். "வா வா, மீனு வாங்கி வச்சிக்கினு கீறேன்" என்றான் போனில்.

திருவள்ளூரில் ஜன்னலோரம் கிடைத்தது. பழக்கதோஷம், பக்கத்து இடத்தில் கைக்குட்டையைப் போட்டேன். "யாராவது வராங்களா அங்கிள்?" என்று ஒரு பெண் கேட்ட பிறகுதான் எடுத்துக்கொண்டேன். வேப்பம்பட்டு தாண்டியதும் யாரோ டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். எலுமிச்சை வாசம். கண் சொக்கிவிட்டது.

விழித்தபோது வண்டி சென்ட்ரலில் காலியாக நின்றது. மீஞ்சூர் வழியாகப் போகும் வண்டி அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. அடுத்ததற்குக் காத்திருக்கலாம்தான். உடம்பு வீட்டுக்குப் போகலாம் என்றது. ஏழுமலைக்குப் போன் செய்தேன்.

"எங்க கீற?"

"சென்ட்ரல்ல. தூங்கிட்டேன்பா."



"யாரும் எழுப்பலியா?"

பெட்டி நிறைய ஆட்கள் இருந்தார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் எங்கே இறங்க வேண்டும் என்று தெரிந்தவர்தான் அதில் ஒருவரும் இல்லை.