வாலுக்குள் மூன்று தட்டு

பழைய போர் விமானங்களைப் பழுதுபார்த்துப் பறக்கவிட்டு ஜனங்களுக்குக் காட்டுகிற இடத்தில் எனக்கு வாய்தான் வேலை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். முன் சீட்டில் யார், பின் சீட்டில் யார், எங்கே குண்டு தொங்கும் என்று சொல்ல வேண்டும். அந்தக் குண்டு யார் தலையில் விழுந்தது என்று யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. ஆனால் கூட்டத்தில் எவனாவது ஒருவன் கட்டாயம் கேட்பான், "சார், இதுக்குள்ள பேய் இருக்கா?" என்று. "இருக்கு, ஆனா அதுக்கு ஞாயித்துக்கிழமை லீவு" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். போன வருஷம் வரை நானும் சேர்ந்து சிரித்தவன்தான்.

எங்கள் ரிவெட் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அவள் வேலையைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது.

விமானத்தின் உடம்பு மெல்லிய தகடு. அதை உள்ளே இருக்கும் சட்டத்தோடு இறுக்கிப் பிடிப்பது ரிவெட் என்கிற குட்டி ஆணி. இதை ஒற்றை ஆளாக அடிக்க முடியாது. வெளியே ஒருவர் காற்றுத் துப்பாக்கியால் ஆணியின் தலையில் அடிப்பார். உள்ளே ஒருவர் அதன் முனைக்கு ஒரு இரும்புக் கட்டியை முட்டுக்கொடுத்துப் பிடிப்பார். நடுவில் தகடு இருப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அந்தச் சத்தத்தில் கத்தினாலும் காதில் ஏறாது. அதனால் உள்ளே இருப்பவர் கட்டியால் தகட்டைத் தட்டித்தான் பேசுவார். ஒரு தட்டு என்றால் இன்னும் கொஞ்சம் அடி. இரண்டு என்றால் சரியாக உட்கார்ந்துவிட்டது. மூன்று என்றால் கெட்டுப்போச்சு, துளைத்து எடு. உள்ளே இருப்பவர் சொன்னால் சொன்னதுதான். ஆணியின் மறுபக்கத்தைப் பார்க்கிற கண் அவருடையது. வெளியே நிற்பவர் எதிர்த்துப் பேசக் கூடாது.

அக்கா வெளியே, அவள் வீட்டுக்காரர் உள்ளே. கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். ஆள் ஒல்லி, குள்ளம். தோளைச் சுருக்கிக்கொண்டு வாலுக்குள் நுழைந்தால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வெளியே வருவார். எலி அண்ணன் என்றுதான் கொட்டகையில் எல்லோரும் கூப்பிடுவோம், அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். வீட்டில் சண்டை நடந்திருந்தால் எங்களுக்குத் தகட்டிலேயே தெரிந்துவிடும். நன்றாக உட்கார்ந்த ஆணிக்கும் வேண்டுமென்றே மூன்று தட்டுவார். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டிரில்லை எடுப்பாள். அவள் அதை எடுத்து ஆணியில் பொருத்துகிற வரை விட்டுவிட்டு, மெதுவாக இரண்டு தட்டுவார். "இந்த மனுஷனுக்கு வேற வேலையே இல்ல" என்று அவள் வாய் திட்டும், முகம் சிரித்துவிடும்.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்.

காரியம் முடிந்த கையோடு அக்கா வேலைக்கு வந்துவிட்டாள். அப்போது கொட்டகையில் ஒரு இரண்டு சீட்டு விமானம் வால் பிரிந்து கிடந்தது. அந்த ரகத்தில் மறுபடி பறக்க வைக்கக்கூடிய நிலையில் இருப்பது அது ஒன்றுதான். சீசன் தொடங்குகிற நாளில் அதைப் பறக்கவிடுவதாக ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியாயிற்று. வாலுக்குள் போக ஆள் இல்லை. அக்காவின் மகள் எங்களிடமே பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவள், அப்பனை உரித்து வைத்த உடம்பு. அவளே கேட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

முதல் ஆணி அடித்ததும் உள்ளிருந்து இரண்டு தட்டு வந்ததாம். அக்கா அடுத்ததற்கு நகரும்போது, ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து, மூன்று தட்டு. அவள் மறுபேச்சில்லாமல் துளைத்து எடுத்தாள். வேறு ஆணி அடித்தாள். இரண்டு தட்டு, சற்றுப் பொறுத்து மூன்று. மறுபடியும் எடுத்தாள். டிரில்லைப் பொருத்திவிட்டு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் காத்திருந்தாளாம், அந்தச் சிரிப்புத் தட்டு இரண்டும் வருமா என்று. வரவில்லை.

ஒரு ஓட்டையில் இரண்டு மூன்று தடவை எடுத்த பிறகுதான் மூன்று தட்டு ஓயும், அவளும் அடுத்ததற்குப் போவாள். இப்படியே வாரக்கணக்கில் போயிருக்கிறது. கவனித்தவர் தலைமை மெக்கானிக். அவர் எலி அண்ணனின் உடன்பிறந்த தம்பி. அக்காவின் காலடியில் கிடந்த ஆணிகளைக் குனிந்து பொறுக்கிப் பார்த்தார். ஒன்றில்கூடப் பழுது இல்லை.

"அண்ணி, நல்ல ஆணியை எல்லாம் ஏன் எடுக்கிறீங்க?"

"உள்ள மூணு தட்டு வருது தம்பி."

"பாப்பா ரெண்டுதானே தட்டுறா? நான் இங்கதான் நிக்கிறேன்."

"அது அவ தட்டுறது. அதுக்கப்புறம் வருது."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். காதைத் தகட்டில் ஒட்டிவைத்துக் கேட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் என் எதிரே அக்காவும் காதை வைத்திருந்தாள். அது கேட்டுக்கொண்டிருக்கிறவள் முகம். நான் காதை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன், பொய் சொல்வானேன், பயந்துபோனேன்.

பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். துளைத்து எடுக்க எடுக்க ஓட்டை பெரிதாகிறது. அடுத்த அளவு ஆணி போடலாம், அதற்கும் அடுத்த அளவு போடலாம், அதற்கு மேல் போனால் சட்டம் தாங்காது. அந்தச் சட்டம் கடையில் கிடைக்கிற சாமான் இல்லை. அது போனால் விமானம் மண்ணில் நிற்கிற பொம்மைதான். வீட்டுக்காரரைப் பறிகொடுத்தவளிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தம்பிக்காரர் கொஞ்ச நாள் மென்று விழுங்கினார். ஒரே ஒரு ஓட்டை மிச்சம் இருக்கும்போது சொல்லிவிட்டார்.

"அண்ணி, இதுல இப்ப போடப்போறது கடைசி அளவு ஆணி. இதையும் எடுத்தீங்கன்னா இது இனிமே பறக்காது. நானும் அண்ணனும் நீங்களும் இவ்வளவு நாள் பாடுபட்டதெல்லாம் ஆத்துல கரைச்ச புளிதான்."

அக்கா தலையாட்டினாள். துப்பாக்கியை வைத்து அடித்தாள். உள்ளிருந்து இரண்டு தட்டு வந்தது, அது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பிறகு கொட்டகையில் சத்தமே இல்லை. அக்காவின் கை தானாக டிரில்லுக்குப் போனது. மூன்று வந்துவிட்டது என்று எங்களுக்குப் புரிந்தது.

அந்த நேரம் பார்த்து மகள் வாலுக்குள் நுழைகிற வழியாகத் தலையை நீட்டினாள். மூஞ்சியெல்லாம் தூசு, கண் கலங்கியிருந்தது.

"அம்மா, இப்ப மூணு தட்டினது நீயா?"

"நான் எங்கடி தட்டினேன்?"

"இவ்வளவு நாளா நீதான் வெளியில இருந்து தட்டுறேன்னு நெனச்சேன். எடுக்கப் போறேன்னு எனக்குச் சொல்றேன்னு நெனச்சேம்மா. உள்ள எனக்கு ரொம்பப் பக்கத்துல கேக்குது."

தம்பிக்காரர்தான் மெதுவாக, "பாப்பா, ஆணி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு சித்தப்பா. விளக்கு வச்சு நல்லாப் பாத்துட்டேன்."

அக்கா டிரில்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அந்த விமானம் பெரிதில்லை, போஸ்டர் பெரிதில்லை. வேலை முடியாத வரைக்கும் அவர் தட்டுவார். முடித்துவிட்டால்? அவள் மனசில் ஓடியது அது ஒன்றுதான், பிறகு அவளே என்னிடம் சொன்னாள். உள்ளே இருப்பவர் பேச்சை வாழ்நாளில் ஒரு தடவைகூட அவள் மீறியதில்லை.

வாலின் பக்கத்தில் போய், தகட்டில் உள்ளங்கையை வைத்தாள். எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளிடம் பேசுவது போலத்தான் பேசினாள்.

"ஏங்க, உள்ள இருக்கிறவங்க சொல்றதுதான் முடிவுன்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க? இப்ப உள்ள இருக்கிறது உங்க பொண்ணு. அவ ரெண்டு தட்டிட்டா. நீங்க இப்ப உள்ள இல்லைங்க."

டிரில்லைத் தரையில் வைத்தாள். மகள் வாலிலிருந்து வெளியே வந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் வேலை இருப்பதுபோல் போய்விட்டோம்.

எங்கள் இடத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கடைசி ஆணி அடித்தவர் முதல் பறப்பில் பின் சீட்டில் ஏற வேண்டும். தன் வேலையைத் தானே நம்பாவிட்டால் ஊரான் உயிரை அதில் எப்படி ஏற்றுவது? அந்த விமானத்தில் பின் சீட்டு வாலைப் பார்த்தபடி திரும்பியிருக்கும். தம்பிக்காரர், "வேணாம் அண்ணி, நான் ஏறிக்கிறேன்" என்றார். அக்கா கேட்கவில்லை. பெல்ட்டை மகள்தான் இறுக்கிவிட்டாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

கூட்டம் கயிற்றை முட்டிக்கொண்டு நின்றது. குழந்தைகள் அப்பன்மார் தோளில் ஏறியிருந்தார்கள். இன்ஜின் புகை கக்கிக் கிளம்பியபோது ஒரே கைதட்டல். நான் மைக்கில் இது இவ்வளவு வேகம், அவ்வளவு உயரம் என்று அளந்துகொண்டிருந்தேன். கண் மட்டும் வாலை விட்டு நகரவில்லை. விமானம் மேலே ஏறியது, ஒருக்களித்தது, எங்கள் தலைக்கு மேல் காதைக் கிழித்துக்கொண்டு போனது. பின் சீட்டில் ஒரு சின்னத் தலை தெரிந்தது. அது ஆடவும் இல்லை, அசையவும் இல்லை. கீழே இருந்த கூட்டத்தையோ வானத்தையோ அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பத்திரமாக இறங்கியது. இன்ஜின் நின்றதும் தம்பிக்காரர் ஓடிப்போய் இறக்கையில் ஏறினார். நானும் மைக்கை வைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணி, வால்ல ஏதாச்சும் சத்தம் வந்துச்சா?"

"ஒண்ணும் இல்ல தம்பி. கல்லு மாதிரி இருக்கு. நாளைக்கு ஜனங்களை ஏத்தலாம்."

வேலை தெரிந்தவளுக்குரிய பதிலைச் சொல்லி முடித்தாள். பிறகு பெல்ட்டைக் கழற்ற வந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் செத்த அன்றைக்கு அழாதவள், அத்தனை கூட்டத்துக்கு நடுவில் வாய்விட்டு அழுதாள்.

"போயிட்டாருடி. மேல போயும் காதைக் குடுத்துக் கேட்டுட்டே இருந்தேன். ஒரு தட்டுகூட இல்ல. நான்தான்டி நீங்க இப்ப உள்ள இல்லன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். நான்தான் அவரைப் போகச் சொல்லிட்டேன்."