கண்ணாடிக்காரரின் அரை நிமிடம்

அந்தத் தெருவில் மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிற பத்துப் பேரை நிறுத்தி வைத்தால், எட்டுப் பேருடைய மூக்கின் மேல் இருப்பது கண்ணாடிக்காரரின் கைவேலையாகத்தான் இருக்கும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, நிறுத்தி வைத்து எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்துக்கு அவர் போனது மொத்தம் ஐந்து வருஷம். அதிலும் பாதி நாள் வாசலோடு திரும்பியவர். சாணைக்கல்லின் முன்னால் உட்கார்ந்து கண்ணாடி வில்லை தேய்க்கக் கற்று, விரல் நுனியெல்லாம் காய்ப்பேறி, முப்பத்தோரு வருஷத்தில் சொந்தக் கடை, கடைக்குப் பின்னால் சொந்தச் சோதனை அறை என்று நிமிர்ந்தவர். பெரிய படிப்புப் படித்தவர்களெல்லாம் அவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, அவர் 'படிங்க' என்றால் படிப்பார்கள். ஒரு மனுஷனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

நாற்பது வயதைத் தாண்டியவர் யார் வந்தாலும் சும்மா அனுப்ப மாட்டார்.

"கண்ணுக்குள்ள அழுத்தம் பாத்தீங்களா? அது வலிக்காது, முன்கூட்டிச் சொல்லாது, ஒருநாள் மொத்தமா வாரிக்கிட்டுப் போயிடும். முனையில இருக்கிற டாக்டரம்மாகிட்ட ஒரு தடவை காட்டிடுங்க."

இதைக் கேட்கும்போதெல்லாம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஃப்ரேம் துடைத்துக்கொண்டிருக்கும் மனைவி தலையைத் தூக்குவாள்.

"ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, நீங்க எப்பங்க போகப்போறீங்க? உங்களுக்கு அம்பத்தொம்பது ஆகுது."

"எனக்கு நேரம் ஏது? நான் அங்க போய் வரிசையில உக்காந்தா இங்க யாரு உக்கார்றது? அதுவும் இல்லாம, நான்தான் தினம் பாத்துக்கறேனே!"

தினம் பார்த்துக்கொண்டதும் உண்மைதான். காலையில் கதவைத் தூக்கியதும் முதல் வேலை அது. சோதனை அறையில் ட்யூப்லைட்டைப் போடுவார். வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் தானே உட்காருவார். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, எதிர்ச் சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையின் கடைசி வரியை உரக்கப் படிப்பார். பிறகு வலது கண்ணைப் பொத்தி இன்னொரு தடவை. ஒரு எழுத்து பிசகாது. எல்லாம் சேர்ந்து அரை நிமிடம். "என்னோட வைத்தியம் முடிஞ்சுது" என்று எழுந்துவிடுவார். தனக்கென்று அவர் ஒருநாளில் ஒதுக்கிய நேரம் அவ்வளவுதான். அதையும் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

சமீப காலமாக ஒரே ஒரு குறை. வலது கண்ணால் பார்க்கும்போது பலகை மங்கலாக இருந்தது. இடது கண்ணுக்கு வரும்போது பளிச்சென்று இருந்தது. முப்பத்தோரு வருஷ அனுபவம் சும்மாவா? காரணத்தை உடனே கண்டுபிடித்துவிட்டார். ட்யூப்லைட் பழசு. முதல் கண்ணுக்கு அது சூடேறியிருக்காது. இரண்டாவது கண்ணுக்கு வருவதற்குள் ஏறிவிடும். போதாததற்குப் பலகையும் மஞ்சளடித்துப் போயிருக்கிறது.

வேறு சில சில்லறைத் தொந்தரவுகளும் இருந்தன. கதவுச் சட்டம் வலது தோளில் அடிக்கடி இடித்தது. டீயை ஊற்றினால் டம்ளருக்குப் பக்கத்தில் விழுந்தது. பொடி ஸ்க்ரூவின் தலையில் திருப்புளி முதல் தடவையிலேயே உட்கார மறுத்தது.

"டம்ளர் இங்க இருக்குங்க. நீங்க மேசைக்கு டீ குடுக்கறீங்க" என்பாள் மனைவி.

"நீ நகத்தி வச்சிட்டு என்னைச் சொல்றியா?"

பலகையைப் பற்றி மட்டும் வீட்டில் ஒரு வாரமாகப் புலம்பினார். அப்பாவின் புலம்பல் தாங்காமல், வேலை முடிந்து வந்த மகள் ஒரு சாயங்காலம் புதுப் பலகை வாங்கி வந்தாள். அவர் வில்லை வாங்கி வர வெளியே போயிருந்த சமயம் பழையதைக் கழற்றிவிட்டு மாட்டினாள். ட்யூப்லைட்டையும் மாற்றினாள். காலையில் அப்பா பார்த்து அசந்து போகட்டும் என்று அம்மாவிடமும் சொல்லாமல் வாயைக் கட்டிவைத்தாள்.

மறுநாள் காலை கதவு தூக்கியாயிற்று. விளக்கு போட்டாயிற்று. அன்றைக்கு நான்கு கண்ணாடி முடித்துக் கொடுக்க வேண்டும், மனசெல்லாம் அதில். உட்கார்ந்தார், இடது கண்ணைப் பொத்தினார், கடைசி வரியின் ஏழு எழுத்தையும் கணீரென்று படித்தார்.

ஃப்ரேம் துடைத்துக்கொண்டே அறைக்குள் எட்டிப் பார்த்த மனைவியின் கை நின்றுவிட்டது.

"என்னங்க படிக்கறீங்க?"

"ஏன், தினம் கேக்கறதுதானே? காது போச்சா உனக்கு?"

"அந்தப் பலகையில எழுத்தே இல்லீங்க. எல்லாம் நம்பரு."

"காலங்காத்தால விளையாடாத."

"சத்தியமா. நீங்களே பாருங்க."

கையை எடுத்தார். எதிரே வெள்ளை வெளேரென்று புதுப் பலகை. மேலிருந்து கீழ்வரை எண்கள். ஒரு எழுத்துகூடக் கிடையாது. மறுபடி இடது கண்ணைப் பொத்தினார். எண்ணும் இல்லை, பலகையும் இல்லை. சுவர் முழுக்க ஒரே புகை. எடுத்தார், பொத்தினார், எடுத்தார். புதுவிளக்கு கொஞ்சமும் மினுங்காமல் எரிந்துகொண்டிருந்தது. குற்றம் சொல்ல அந்த அறையில் இனி ஒரு பொருளும் மிச்சமில்லை.

முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை நாளும் படித்தது கண் இல்லை, வாய். எத்தனை மாசமாக? எத்தனை வருஷமாக? அதுகூடத் தெரியவில்லையே!

'கண் கெட்ட பிறகு' என்று தொடங்கும் பழமொழி மனைவியின் நாக்கு நுனிவரை வந்திருக்கும். அவள் அதை விழுங்கினாள். சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. பாதி துடைத்த ஃப்ரேமைக் கீழே வைத்தாள். கதவை இழுத்து மூடினாள். கடை வைத்த நாளிலிருந்து காலை ஒன்பது மணிக்கு அந்தக் கதவு கீழே இறங்கியது அன்றைக்குத்தான்.

டாக்டரம்மா நெடுநேரம் பார்த்தார். வெளிச்சம் அடித்துப் பார்த்தார், அழுத்தம் பார்த்தார். பிறகு தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க அனுப்பி வந்தவங்க எத்தனை பேரோட கண்ணு தப்பிச்சிருக்கு தெரியுமா? அனுப்பினவர் ஒருதடவைகூட வரலையேன்னு எனக்கும் தோணல பாருங்க."

"வலது?"

"அது போனது போனதுதான், ஐயா. இடதும் ஓரத்துலேருந்து போக ஆரம்பிச்சிருக்கு. அதை நிறுத்திடலாம். காலையும் சாயங்காலமும் மணி தவறாம சொட்டு மருந்து. விட்டதும் அஞ்சு நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டு உக்காரணும்."

"காலையில அஞ்சு நிமிஷமா? அது கடை திறக்கற நேரமாச்சே டாக்டரம்மா! எனக்கு எங்க—"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மனைவி தரையைப் பார்த்தாள். தன் வாயிலிருந்து வந்ததைத் தன் காதாலேயே கேட்ட கண்ணாடிக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கண்ணைக் கொடுத்த பிறகும் அந்த வாய் திருந்தவில்லை! எழுத்துகளைச் சொன்னதும் இதே வாய்தான்.

இருபது நாள் போயிற்று. இப்போது காலையில் கதவு பாதிதான் தூக்கப்படுகிறது. மனைவி சொட்டு மருந்தை விட்டுவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்தில் நிற்பாள். அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். மணிக்கணக்கில் சாணைக்கல்லோடு மல்லுக்கட்டியவருக்கு இந்த ஐந்து நிமிடம் மலையாக இருந்தது.

அன்றைக்குப் பாதிக் கதவுக்குக் கீழே குனிந்து பஸ் டிரைவர் ஒருவர் தலையை நீட்டினார். கையில் கால் கழன்ற கண்ணாடி.

"அண்ணே, ஒரு ஸ்க்ரூதான். வண்டி எடுக்கணும்ணே!"

"அஞ்சு நிமிஷம் பொறுங்க" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"உள்ள சும்மாதானே உக்காந்திருக்கீங்க?"

"ஆமா. சும்மாதான் உக்காந்திருக்கேன்."

டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே வாசலில் நின்றார். உள்ளே இருட்டில் கண்ணாடிக்காரரின் உதடுகளும் எதையோ முணுமுணுத்தன. மனைவி குனிந்து கேட்டாள்.

"என்ன சொல்றீங்க?"

அவருக்கே அப்போதுதான் உறைத்தது. புதுப் பலகையின் கடைசி வரி. ஏழு எண்கள், வரிசை மாறாமல், கண் மூடியிருக்கும்போதே.

"அந்தப் பலகையைக் கழட்டு."

"மாட்டி ஒரு மாசம்கூட ஆகலீங்க!"

"கழட்டு. மனப்பாடம் ஆயிடுச்சு. மாசத்துக்கு ஒண்ணு மாத்தச் சொல்லு உன் பொண்ணை. என்னைக் கேக்காம மாத்தச் சொல்லு."

அவள் சோதனை அறைக்குப் போய் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். ஆணியிலிருந்து பலகை கழலும் சத்தம் கேட்டது. வாசலில் டிரைவர் மறுபடி தொண்டையைக் கனைத்தார்.

"ஆச்சாண்ணே?"

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு" என்றார் கண்ணாடிக்காரர். கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்.